இரண்டு அரிசி மூட்டையும் ஒரு முக்கோணமும்

பிலாட்டிஸ் என்னும் உடற்பயிற்சி முறையைச் சொல்லிக்கொடுக்கப் படிக்க வருபவர்கள் முதல் வாரத்திலேயே பயிற்சிகளின் பெயர்களை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அது வீண் வேலை இல்லை, ஆனால் முதல் வேலையும் இல்லை. கோலாலம்பூரின் பங்சாரிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு வகுப்பில் எட்டுப் பேர் ஒரே பயிற்சியைச் செய்வதைப் பாருங்கள். மூன்று பேருக்கு வயிறு வேலை செய்யும், இரண்டு பேருக்குத் தொடை எரியும், மீதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவார்கள். பயிற்சி ஒன்றுதான், பாரம் போய் இறங்கும் இடம்தான் வேறு. அந்த இடத்தைக் கண்ணால் பிடிக்கத் தெரிய வேண்டும். அதற்கு உடற்கூறு வேண்டும்.

கூபகத்திலிருந்து, அதாவது இடுப்பெலும்புக் கூட்டிலிருந்து, தொடங்குவோம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதங்களை ஊன்றிக்கொள்ளுங்கள். அடிவயிற்றின் இரு ஓரத்திலும் புடைத்து நிற்கும் எலும்பு முனைகள் கைக்குத் தட்டுப்படும். உள்ளங்கைகளின் அடிப்பகுதி அவற்றின்மேல், விரல் நுனிகள் கீழே, அடிவயிறு முடியும் இடத்தில் உள்ள பூப்பெலும்பின்மேல், கட்டைவிரல்கள் தொப்புள் பக்கம். கைகளுக்கு நடுவே ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் மூன்று முனையும் ஒரே மட்டத்தில் இருந்தால், மேலே ஒரு குவளைத் தே தாரிக்கை வைத்தாலும் சிந்தாது. இதைத்தான் நடுநிலை என்கிறோம். பூப்பெலும்பு மேலே ஏறி, இடுப்பு தரையில் ஒட்டினால் கூபகம் பின்னால் சாய்ந்திருக்கிறது. பூப்பெலும்பு இறங்கி, இடுப்புக்கு அடியில் வளைவு பெரிதானால் முன்னால் சாய்ந்திருக்கிறது.

புதிதாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். முக்கோணத்தை விட்டுவிட்டு, இடுப்புக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளப்பார்கள். உள்ளங்கை நுழைந்தால் சரி, முஷ்டி நுழைந்தால் தப்பு என்று ஒரு கணக்கு. பிட்டம் பருத்தவருக்கு நடுநிலையிலேயே இடைவெளி அதிகமாகத்தான் இருக்கும். ஒல்லியானவருக்கு விரல்கூட நுழையாது. எலும்பைப் பாருங்கள், சதையை அளக்காதீர்கள். எலும்பும் எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்தது இல்லை என்பதால், முக்கோணம் நூல் பிடித்தாற்போல் மட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். மட்டத்துக்குப் பக்கத்தில், வலியில்லாமல், மூச்சு தாராளமாக ஓடும் இடமே அவருடைய நடுநிலை.

இந்த முக்கோணத்துக்கு ஏன் இத்தனை மரியாதை என்பது காலைத் தூக்கும்போது தெரியும். மனிதக் கால் ஒன்று, பாதத்தோடு சேர்த்து, உடல் எடையில் சுமார் 16 விழுக்காடு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இரண்டு காலும் சேர்ந்து 19 கிலோவைத் தாண்டும். கடையில் வாங்கும் பத்துக் கிலோ அரிசி மூட்டை இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை நேராக நீட்டினால் அந்த எடையின் மையம், இடுப்பு மூட்டிலிருந்து கால் நீளத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் விழும். 80 செ.மீ. நீளக் காலுக்கு அது ஏறக்குறைய 36 செ.மீ.

இனிக் கணக்கு. கால்கள் இரண்டும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நீட்டியிருந்தால், இடுப்பு மூட்டில் விழும் திருப்புவிசை சுமார் 68 நியூட்டன் மீட்டர். 45 பாகைக்கு உயர்த்தினால் 48. தொடையைச் செங்குத்தாக நிறுத்தி, முழங்காலை மடக்கிக் கெண்டைக்காலை மேசைபோல் கிடத்தினால் 17-தான். அதே கால், அதே எடை, ஆனால் பாரம் நாலில் ஒரு பங்கு. ‘மேசை நிலை’யில் தொடங்கச் சொல்வது சோம்பேறிகளுக்குக் கொடுக்கும் சலுகை அல்ல, இயற்பியல்.

அந்த 68-ஐத் தாங்குவது யார்? இடுப்பை மடக்கும் தசைகள். அவை மூட்டை ஒட்டியே ஓடுவதால் அவற்றின் நெம்புகோல் சில சென்டிமீட்டர்தான். 4 செ.மீ. என்று வைத்தால், இரு பக்கமும் சேர்த்து 170 கிலோவுக்கு மேல் தொங்கவிட்டதற்குச் சமமான இழுப்பு வேண்டியிருக்கும். அவற்றில் முக்கியமான சோவாஸ் தசை நெஞ்சுப் பகுதியின் கடைசி முள்ளெலும்பிலும் இடுப்பு முள்ளெலும்புகள் ஐந்திலும் பிடித்துக்கொண்டு, கூபகத்தைத் தாண்டிப் போய்த் தொடையெலும்பின் உள்பக்கத்தில் முடிகிறது. அதன் கூட்டாளிகளில் சில கூபகத்திலிருந்தே தொடங்குகின்றன. இவை எல்லாம் சேர்ந்து இழுக்கும்போது, வயிற்றுத் தசைகள் எதிர்ப்பக்கம் பிடிக்காவிட்டால், கூபகம் முன்னால் கவிழும், இடுப்பு வில்லாக வளையும். ‘கால் இறக்கினேன், இடுப்பு பிடிச்சுக்கிச்சு’ என்று மாணவர் சொல்வது இந்தக் கவிழ்ப்பைத்தான்.

எனவே காலை எவ்வளவு தாழ்த்துவது என்பதற்கு முக்கோணமே அளவுகோல். மேசை நிலையில் தொடங்கி, மூச்சை விட்டபடி நாலு எண்ணுவதற்குள் ஒரு குதிகாலை மட்டும் இறக்கச் சொல்லுங்கள். பூப்பெலும்பு இறங்குவதாகக் கைக்குத் தெரியும் நொடியில் நிறுத்தி, அங்கிருந்து இரண்டு விரற்கடை மேலே ஏற்றுங்கள். அன்றைக்கு அவருடைய எல்லை அதுதான். பக்கத்துக்கு 6 முதல் 8 முறை போதும். ஐந்தாவது முறையிலேயே முக்கோணம் ஆடினால் ஐந்தோடு நிறுத்துவதில் வெட்கம் எதுவும் இல்லை.

வயிறு பிடிக்க வேண்டும் என்றோம். எந்த வயிறு? கண்ணாடியில் தெரியும் ஆறு கட்டுத் தசை அல்ல. அதற்கெல்லாம் அடியில், நார்கள் கிடைமட்டமாக ஓடி, இடுப்பைச் சுற்றிக் கச்சை கட்டியதுபோல் ஒரு தசை இருக்கிறது. குறுக்கு வயிற்றுத் தசை என்று பெயர். பின்பக்கம் அது ஒரு தடித்த சவ்வின் வழியாக முதுகெலும்பைப் பற்றியிருக்கிறது. மேலே மூடிபோல் உதரவிதானம், கீழே தொட்டில்போல் கூபகத்தளத் தசைகள், பின்னால் முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று தைத்திருக்கும் சிறு தசைகள். நாலும் சேர்ந்தால் காற்றடைத்த டின் மாதிரி. டின் நசுங்காமல் இருப்பதற்குத் தகடு மட்டும் காரணமல்ல, உள்ளே இருக்கும் அழுத்தமும் காரணம்.

ஆஸ்திரேலியாவில் பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு திருப்பம் தந்தது. இடுப்பு வலி இல்லாதவர்கள் கையை அசைக்கும்போது, கைத்தசைக்கு முன்பாகவே இந்தக் குறுக்குத் தசை விழித்துக்கொள்கிறது. இடுப்பு வலி உள்ளவர்களிடம் அது தாமதமாகிறது. இதைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு தசையை மட்டும் தட்டியெழுப்பினால் வலி போய்விடும் என்று சொல்லிக்கொடுத்தவர்களும் உண்டு. அது மிகை. டின்னின் ஒரு பக்கத் தகடு தனியாக நிற்பதில்லை.

அந்தத் தசையை வேலை செய்ய வைக்கப் ‘வயிறை உள்ளே இழுங்க’ என்று உரக்கச் சொன்னால் என்ன நடக்கும்? மாணவர் மூச்சைப் பிடிப்பார், விலா தூக்கும், முகம் சிவக்கும். ஆங்கில வகுப்பில் கற்ற வாக்கியத்தை அப்படியே தமிழில் தள்ளிவிட்டால் இதுதான் கதி. நம் வீட்டுப் பெண்களுக்கு இதைவிட நல்ல பாடம் தெரியும். ‘அக்கா, புடவை கட்டி, கொசுவம் செருகும்போது அடிவயிறு லேசா உள்ளே போகுமே, அவ்வளவு போதும்’ என்று சொல்லிப் பாருங்கள். பலர் உடனே பிடித்துக்கொள்வார்கள். அதில் அளவும் அடங்கியிருக்கிறது: முழு வலுவில் கால் பங்கு. கொசுவம் செருகியபடியே பேச முடியும், சிரிக்க முடியும். பயிற்சியிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆண்களுக்குக் கைலி முடிச்சை இறுக்குவதைச் சொல்லலாம்.

கூபகத்தளத் தசைக்குச் சிறுநீரை அடக்குவது போன்ற உணர்வைச் சொல்வார்கள். அது உணர்வைக் கண்டுபிடிக்க மட்டுமே. சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகச் சொல்லிவிடாதீர்கள்.

வயிறு பிடித்திருக்கும்போது மூச்சு எங்கே போவது? பக்கவாட்டில். கைலித் துணியையோ துப்பட்டாவையோ மார்புக்குக் கீழே, விலாக்களைச் சுற்றி முன்பக்கம் குறுக்காகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூக்கால் இழுக்கும்போது துணி இரு பக்கமும் முதுகுப்பக்கமும் இறுக வேண்டும், விடும்போது தளர வேண்டும். தோள் காதை நோக்கி ஏறினால் மூச்சு மேலேயே நின்றுவிட்டது. மூச்சை விடும்போது உதரவிதானம் மேலே ஏறுகிறது, குறுக்குத் தசை இயல்பாகவே சுருங்குகிறது. கடினமான நொடியில் மூச்சை விடச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கூட்டணிதான். மல்லாந்து, தலையையும் கால்களையும் தூக்கிப் பிடித்துச் செய்யும் ‘நூறு’ என்ற பெயர்பெற்ற பயிற்சியில் ஐந்து எண்ணும்வரை இழுத்து, ஐந்து எண்ணும்வரை விட்டு, பத்துச் சுற்று. பத்தாவது சுற்றில் நடுவயிறு கூம்புபோல் மேலே புடைத்தால், அழுத்தம் வயிற்றுத் தசைகளின் பிடியை மீறிவிட்டது. தலையைக் கீழே வையுங்கள், அல்லது முழங்காலை மடக்குங்கள். பிள்ளை பெற்ற பெண்களிடம் இந்தக் கூம்பை முதல் நாளே தேடிப் பாருங்கள்.

இத்தனைக்கும், இந்த முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டிஸ் நடுநிலையைப் பற்றிப் பேசியவர் இல்லை. 1883-இல் ஜெர்மனியில் பிறந்து, முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் கைதியாக அடைபட்டிருந்து, பிறகு நியூயார்க்கில் கூடம் நடத்தி, 1967-இல் இறந்தவர். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் ‘கன்ட்ராலஜி’. படுத்தால் முதுகு தரையோடு ஒட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. மூச்சு, கவனம், மையம், கட்டுப்பாடு, துல்லியம், ஓட்டம் என்ற ஆறு கொள்கைகளைப் பட்டியலாக வகுத்ததும் அவருக்குப் பின் வந்தவர்கள்தான். தேர்வுக்கு ஆறையும் எழுதுங்கள். வகுப்பில் துல்லியம் ஒன்று இருந்தால் மற்ற ஐந்தும் பின்னால் வந்துவிடும்.

மேலுடம்புக்கு வருவோம். தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படியிலும், பினாங்கு தண்ணீர்மலையிலும் தலையில் பால்குடம் வைத்து ஏறுபவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பால் சிந்தாமல் போகிறவருக்குத் தலை விலாக்கூட்டுக்கு நேர் மேலேயும், விலாக்கூடு கூபகத்துக்கு நேர் மேலேயும் இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் காது, தோள், இடுப்பு மூட்டு ஒரே கோட்டில். அந்தக் கோடு முழங்கால் மூட்டுக்கும் கணுக்காலுக்கும் சற்று முன்னால் இறங்கும். அதே ஆள் மறுநாள் எல்ஆர்டி ரயிலில் கைப்பேசியைக் குனிந்து பார்க்கும்போது, சுமார் ஐந்து கிலோ தலையைப் பிடரித் தசைகள்தான் கயிறு கட்டி இழுத்துப் பிடிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட கழுத்தோடு வருபவரை மல்லாக்கப் படுக்க வைத்தால் மோவாய் கூரையைப் பார்க்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனுக்குத் துண்டை மடித்துத் தலைக்கு அடியில் வையுங்கள், நெற்றியும் மோவாயும் மட்டமாகும் வரை. தலையைத் தூக்கும் பயிற்சிகளில் மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு சிறு ஆரஞ்சு நிற்கும் இடம் வேண்டும். வளைவு கழுத்தில் அல்ல, மார்புக்கூட்டின் மேல்பாதியில் வர வேண்டும். தோள்பட்டை எலும்பின் கீழ் நுனி மட்டும் பாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதுமான உயரம். பாய் என்றதும், யோகாவுக்கான 4, 5 மில்லிமீட்டர் பாய் பளிங்குத் தரையில் உருளுவதற்குப் போதாது. 10 முதல் 15 மில்லிமீட்டர் வேண்டும், இல்லாவிட்டால் முள்ளெலும்புகள் ஒவ்வொன்றாகக் கணக்குச் சொல்லும்.

‘தோளைக் கீழே இறக்குங்க’ என்பது எங்கும் கேட்கும் கட்டளை, எங்கும் பொருந்தாத கட்டளையும்கூட. கொடியில் துணி போடக் கையை முழுதாக உயர்த்தும்போது, அந்த 180 பாகையில் சுமார் 60 தோள்பட்டை எலும்பு மேல்நோக்கிச் சுழல்வதால் கிடைப்பது. அதைக் கீழே அழுத்திப் பிடித்தால் மேல்கை எலும்பின் தலைக்கும் அதன் கூரைக்கும் நடுவே உள்ள தசைநாண் இடறும். கை கீழே இருக்கும்போது தோள் தளரட்டும், மேலே போகும்போது எலும்பைச் சுழல விடுங்கள்.

ரிஃபார்மர் படுக்கையில், அதாவது ஸ்பிரிங்குகள் இழுத்துப் பிடிக்க முன்னும் பின்னும் ஓடும் வண்டி கொண்ட பிலாட்டிஸ் கருவியில், ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்பிரிங்கைக் குறைத்தால் இலகு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். காலால் கம்பியைத் தள்ளும் பயிற்சியில் அது உண்மை. வண்டிமேல் முட்டிபோட்டோ பலகை நிலையிலோ நிற்கும்போது, ஸ்பிரிங்தான் வண்டி ஓடிவிடாமல் பிடித்திருக்கிறது. அதைக் குறைத்தால் அந்த வேலை வயிற்றின் தலையில் விழும். தொடக்கநிலை மாணவருக்கு ‘பாவம்’ என்று ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றினால் வண்டி வழுக்கி, இடுப்பு தொய்ந்து விழுவது நிச்சயம். நீள நீள ஸ்பிரிங்கின் இழுப்பு கூடும் என்பதால் திரும்பி வரும் பயணம்தான் ஆபத்தானது. போன வேகத்தைவிட மெதுவாக வரட்டும்.

யாருக்கு எதைச் செய்யக் கூடாது என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். எலும்பு அடர்த்தி குறையும் நோய் (ஆஸ்டியோபொரோசிஸ்) உள்ளவருக்கு முதுகை உருட்டும், முன்னால் மடக்கும் பயிற்சிகள் வேண்டாம். பொடிந்த முள்ளெலும்பின் முன்பக்கம்தான் நசுங்கும். முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு பிதுங்கிக் கால் மரப்பவருக்கும் ஆழமான முன்வளைவு ஆகாது. மாதம் ஏறிய கர்ப்பிணியை நெடுநேரம் மல்லாக்கக் கிடத்தக் கூடாது, கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். ரத்த அழுத்தம் உள்ளவர் மூச்சைப் பிடிக்கவே கூடாது.

மலேசியத் தமிழர் வகுப்பென்றால் இனிப்புநீரை (நீரிழிவை)ப் பற்றிக் கேட்காமல் பெயரைப் பதியாதீர்கள். அதனால் விழித்திரையில் பாதிப்பு உள்ளவருக்குத் தலைகீழ் நிலைகளும் மூச்சுப் பிடிப்பும் கூடாது. இன்சுலின் போடுபவர் பையில் இனிப்புப் பானம் ஏதாவது இருக்கிறதா என்று வகுப்புக்கு முன்பே கேளுங்கள். பாதம் மரத்துப்போனவருக்குக் கால்கம்பி தோலை உரசுவது தெரியாது, ‘வலிச்சா சொல்லுங்க’ என்பது அவருக்குப் பயன்படாது. தடித்த பருத்திக் காலுறை போட வைத்து, வகுப்பு முடிந்ததும் அதைக் கழற்றி உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். குனிய முடியாதவராக இருந்தால், அனுமதி கேட்டு நீங்களே பாருங்கள்.