எஞ்சின் நின்றால் விமானம் விழுந்துவிடுமா?

விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை என்று தெரிந்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி இது. விழாது. விமானத்தைக் காற்றில் தாங்குவது இறக்கை. எஞ்சின் அதை முன்னே தள்ளுகிறது, அவ்வளவுதான். எஞ்சின் நின்றாலும் மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால் போதும், உயரம் குறையக் குறைய வேகம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

2001 ஆகஸ்ட் 24 அன்று டொராண்டோவிலிருந்து லிஸ்பன் போன ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330 விமானத்தில் எரிபொருள் கசிந்து, அட்லாண்டிக் மீது இரண்டு எஞ்சின்களும் நின்றன. சுமார் 19 நிமிடம் சறுக்கியே வந்து அசோர்ஸ் தீவுகளில் இறங்கியது. 306 பேரும் பிழைத்தார்கள்.

அதே ஏ330 ரகம்தான் 2009 மே 31 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் கிளம்பிய ஏர் பிரான்ஸ் 447. வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது. வேகக்கணக்கு குழம்பியதும், விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. ஓட்டிய துணை விமானி மூக்கை மேலே தூக்கிக்கொண்டே போனார். இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணத்துக்கு ஓர் எல்லை உண்டு. பல இறக்கைகளுக்கு அது 15 டிகிரியை ஒட்டி இருக்கும். அதைத் தாண்டினால் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து சிதறும், தாங்கும் விசை சரியும். இதுதான் ஸ்டால். அன்று அந்தக் கோணம் 35 டிகிரிக்கும் மேலே போனது. எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுமார் மூன்றரை நிமிடத்தில் கடலில் விழுந்தது. 228 பேர் இறந்தார்கள்.

மீள வழி ஒன்றுதான்: மூக்கைத் தாழ்த்த வேண்டும். விழுந்துகொண்டிருக்கும்போது கீழ்நோக்கித் தள்ள யாருக்குத்தான் மனசு வரும்? அதனால்தான் சிறிய விமானத்தில் போதிய உயரத்துக்குப் போய், வேண்டுமென்றே ஸ்டால் செய்யப் பழக்குகிறோம். எச்சரிக்கை ஒலி கிளம்பும், விமானத்தின் உடல் அதிரும், மூக்கு தொங்கும். மூக்கைத் தூக்க, புதிதாக வருபவரின் கை தன்னையறியாமல் கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னுக்கு இழுக்கும். அந்தக் கை முன்னே தள்ளப் பழகும்வரை நான் விடுவதில்லை.

சரி, பயணிகளுக்கு வருவோம். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் குறைந்ததும் பலர் கைப்பிடியை இறுகப் பிடிப்பதைப் பார்க்கிறேன். ஓடுபாதையில் தேவைப்பட்ட அளவு உந்துவிசை அதற்கு மேல் தேவையில்லை, அதனால் விமானியோ கணினியோ குறைப்பதுதான் அது. அப்புறம் கேட்கும் ரீங்காரம், இறக்கையின் பின்விளிம்பில் நீட்டியிருந்த ஃபிளாப்புகள் உள்ளே போவது. மெதுவாகப் பறக்கும்போதும் இறக்கை தாங்க வேண்டும் என்பதற்காக இறங்கும்போது அவற்றை மறுபடி நீட்டுவார்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் இறக்கை மேல் எழும் தகடுகள் ஸ்பாய்லர்கள். தாங்கும் விசையைக் கெடுத்து எடையைச் சக்கரங்கள் மேல் இறக்கினால்தான் பிரேக் நன்றாகப் பிடிக்கும்.