முட்டு வலி என்று வருகிறார்கள், நோய் இருப்பது இடுப்பு மூட்டில்

முட்டு வலி என்று எக்ஸ்ரேயோடு வருகிறவர்களில் சிலருக்கு முட்டில் ஒரு குறையும் இருக்காது. வயதும் 35, 40 தான் இருக்கும். மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்கித் தொடையை உள்பக்கமாகத் திருப்பினால் போதும், கவட்டைப் பிடித்துக்கொள்வார்கள். இடுப்பு மூட்டின் வலி கவட்டில் தொடங்கி முட்டு வரைக்கும் இறங்கும்.

நான் முதலில் கேட்பது, சம்மணம் போட முடிகிறதா என்றுதான். முக்கூடல், ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றும் அக்காமார் "சுளவை (முறத்தை) மடியில வச்சு உக்கார முடியல சார்" என்பார்கள். ஆண்களுக்கு பைக்கில் காலைத் தூக்கிப் போடுவது சிரமமாகும். (பீடி சுற்றுவதால் இது வருவதில்லை. பீடி குடிப்பது வேறு கதை.)

ஏவிஎன் (அவாஸ்குலர் நெக்ரோசிஸ், அதாவது ரத்தம் போகாமல் எலும்பு சாவது) என்று சீட்டில் எழுதுகிறோமே, அது இதுதான். தொடை எலும்பின் உருண்டைத் தலைக்குப் பெரும்பாலான ரத்தம், எலும்பின் கழுத்தை ஒட்டி ஏறும் மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் போகிறது. தாமிரபரணிக் கால்வாயின் கடைமடை வயல் மாதிரி, மேலே எங்கே அடைத்தாலும் காய்வது அதுதான். ரத்தம் போகாத எலும்பு செத்துவிடும். ஆனால் உடனே நொறுங்காது. மாதங்கள் கழித்து, உடம்பின் பாரம் தாங்கும் இடத்தில் அமுங்கத் தொடங்கும். அதுவரை எக்ஸ்ரேயில் ஒரு குறையும் தெரியாமல் இருக்கலாம். எம்ஆர்ஐயில்தான் முன்கூட்டியே தெரியும்.

காரணம்? தொடைக் கழுத்து முறிவு, மூட்டு விலகல் ஒரு பக்கம். தினக் குடி இன்னொன்று. மூன்றாவது ஸ்டீராய்டு. 2021-ல் கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்த சிலருக்கு இது வந்ததை மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த மருந்து உயிரைக் காப்பாற்றியது, அதில் சண்டை இல்லை. என் கோபமெல்லாம் இளைப்புக்கும் மூட்டு வலிக்கும் விற்கிற பெயரில்லாப் பொடிப் பொட்டலத்தின் மேலும், சீட்டில்லாமல் கடையில் சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையின் மேலும்தான். அவற்றில் ஸ்டீராய்டு இருந்தாலும் தின்பவருக்குத் தெரியாது. ஆனால் டாக்டர் எழுதித்தந்த ஸ்டீராய்டை இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. சிலருக்கு எந்தக் காரணமும் அகப்படாது.

எண்ணெய் தேய்த்தால் வலி கொஞ்சம் அடங்கும், மறுக்கவில்லை. அந்த ஆழத்தில் இருக்கும் எலும்புக்கு அது ரத்தத்தைக் கொண்டுபோகாது. அதற்குள் மாதங்கள் போய்விடும்.

தலை அமுங்குவதற்கு முன் வந்தால், எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கலாம். எல்லோருக்கும் பலிக்காது, பலித்தால் சொந்த மூட்டே தங்கும். அமுங்கி, மூட்டும் தேய்ந்துவிட்டால் பெரும்பாலும் மூட்டு மாற்றுதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள்.

எம்ஆர்ஐ எடுக்கும்போது இரண்டு இடுப்பையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். அடிபட்டு வந்ததைத் தவிர மற்றவர்களுக்கு இது பல நேரம் இரண்டு பக்கமும் இருக்கும். இன்னும் வலிக்காத பக்கத்தில் பெரும்பாலும் நோய் ஆரம்ப நிலையில் இருக்கும்.