திட்டம் எழுதினப்புறம் விவசாயிய கூப்பிடாதீங்க

வேளாண் திட்டமிடல்தான் என் வேலை, வரைவு அறிக்கை எழுதுறது, பல துறை ஆளுங்கள ஒரே மேசையில உக்கார வைக்கிறது. இத்தன வருஷத்துல திரும்பத் திரும்ப நான் பாத்த தப்பு ஒண்ணு இருக்கு. திட்டத்த மொத்தமா எழுதி பிரிண்ட் போட்டுட்டு, கடைசி வாரத்துல விவசாயிங்கள கூப்பிட்டு "கருத்து சொல்லுங்க"ன்னு கேக்குறது. ரிப்போர்ட்ல அதுக்குப் பேரு கலந்தாலோசனை. நானும் அப்படி எழுதிக் குடுத்திருக்கேன், இப்பவும் மனசு உறுத்துது.

உணவு விஷயத்த வேளாண் துறை மட்டும் தனியா முடிவு பண்ணவே முடியாது. உலகத்துல எடுக்குற நன்னீர்ல 70 சதவீதம் விவசாயத்துக்குத்தான் போகுது, மனுஷங்களால வெளிய வர்ற, பூமிய சூடாக்குற பசுங்குடில் வாயுக்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு விளைவிக்கிறதுல இருந்து தட்டுக்கு வர்ற வரைக்குமான உணவு வேலைகள்ல இருந்து வருது. ஆனா நடக்குறது என்னன்னா, ஒரு துறை தண்ணி அதிகம் குடிக்கிற பயிருக்கு நல்ல கொள்முதல் விலை அறிவிக்கும், இன்னொரு துறை அதே பகுதியில போர்வெல் போடாதீங்கன்னு சொல்லும், சுகாதாரத் துறை காய்கறி, பருப்பு நிறைய சாப்பிடுங்கன்னு பிரச்சாரம் பண்ணும் ஆனா மானியம் பூரா ஒரே தானியத்துக்குப் போகும், இது எல்லாத்தையும் ஒரே விவசாயிதான் தலையில சுமக்கணும்.

யாரையும் கேக்காம அவசரப்பட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு இலங்கையப் பாருங்க. இயற்கை விவசாயத்துக்கு 10 வருஷத்துல மாறலாம்னு 2019 தேர்தல்ல சொன்னாங்க, ஆனா 2021 மே மாசமே ரசாயன உர இறக்குமதிய ஒரேயடியா நிறுத்திட்டாங்க. மாற்று உரம் போதுமான அளவு கையில இல்ல, விவசாயிங்களுக்குப் பழக நேரமும் இல்ல. நவம்பர்ல தடைய எடுத்தாங்க, அதுக்குள்ள அந்தப் போகத்துக்கு நேரம் போயிடுச்சு, நெல் விளைச்சல் பலமா அடி வாங்குச்சு. மண்ணக் காப்பாத்தணும்ங்கற நோக்கத்துல எனக்கு மறுப்பே கிடையாது, போன வழிதான் தப்பு.

பிரேசில் வேற மாதிரி பண்ணுச்சு. அங்க உணவுப் பாதுகாப்புக்குன்னு ஒரு தேசிய கவுன்சில், 1993ல முதல்ல வந்து, கொஞ்ச காலத்துல கலைஞ்சு, 2003ல திரும்ப வந்துச்சு. அதுல அரசாங்க ஆளுங்க மூணுல ஒரு பங்குதான், மீதி ரெண்டு பங்கு விவசாய சங்கங்கள், பழங்குடி மக்கள், நுகர்வோர் அமைப்புகள்னு வெளிய இருந்து வந்தவங்க. பள்ளி உணவுக்கு மத்திய அரசு குடுக்குற பணத்துல குறைஞ்சது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிங்ககிட்ட வாங்கணும்னு 2009ல சட்டமே வந்துச்சு. பிள்ளைங்களுக்கு நல்ல சாப்பாடு, சின்ன விவசாயிக்கு நிச்சயமான சந்தை, ரெண்டும் ஒரே காசுல. 2019 ஜனவரியில புது அரசு வந்ததும் கவுன்சில கலைச்சாங்க, 2023ல மறுபடி உயிர் வந்துச்சு, ஆனா அந்த 30 சதவீதம் சட்டத்துல இருந்ததால நடுவுலயும் நின்னுச்சு. மீட்டிங்ல பேசினது சட்டமாவும் பட்ஜெட்டாவும் மாறணும்னு நான் விடாம கேக்குறதுக்கு இதுதான் காரணம்.

ஐநா உணவு உச்சி மாநாடு 2021 செப்டம்பர்ல நடந்தத ஒட்டி 100க்கும் மேல நாடுகள், தங்க நாட்டு உணவு முறைய எப்படி மாத்தப் போறோம்னு 'தேசிய பாதை'ங்கற பேர்ல ஆவணம் போட்டாங்க. நல்ல விஷயம். நான் அப்படி ஒரு ஆவணத்த எடுத்தா முதல்ல தேடுறது பணம் எந்தத் துறை கணக்குல இருந்து வருதுங்கறதத்தான்.

கூட்டம் எப்ப, எங்க வைக்கிறோம்ங்கறது ரொம்ப முக்கியம்ங்க. அறுவடை நேரத்துல தலைநகர்ல காலை பத்து மணிக்கு மீட்டிங்னா யார் வருவாங்க? பெரிய பண்ணைக்காரங்களும் உரம், விதை விக்கிற கம்பெனி ஆளுங்களும்தான். அழைப்ப பட்டா லிஸ்ட் பாத்து அனுப்பினா, நிலம் பேர்ல இல்லாம வயல்ல பாதி வேலை செய்யுற பொம்பளைங்க, குத்தகைக்காரங்க, கூலி ஆளுங்க யாருக்கும் போகாது. அதனால நான் இப்ப வேலைய ஏத்துக்கிறப்பவே மூணு விஷயம் கேட்டு எழுதி வாங்கிடுறேன்: முதல் கூட்டம் வரைவுக்கு முன்னாடியே நடக்கணும், வர்றவங்களுக்கு அன்னைக்கு போற கூலியும் பஸ் காசும் குடுக்கணும், அவங்க சொன்னத ஏத்துக்கலன்னா ஏன்னு எழுத்துல பதில் போகணும். இதுல மூணாவதுக்குத்தான் அதிகாரிங்க ரொம்ப தயங்குறாங்க, நானும் அதுலதான் விடாம நிக்குறேன்.