அகதி, ஏதிலி, அடைக்கலம்: சொல் விளக்கம்

அகதி வடமொழிச் சொல். 'உன்னை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை' என்கிறோமே, அந்தக் கதியோடு இன்மையைச் சொல்லும் 'அ' சேர்ந்தது. போக்கிடம் அற்ற எவரையும் முன்பு இப்படிச் சொல்லலாம். துன்புறுத்தலுக்கு அஞ்சி நாடு கடந்தவர் என்ற சட்டப் பொருள் பிற்பாடு வந்தது.

நல்ல தமிழில் ஏதிலி. ஈழத்தவர் எழுத்தில் இது நன்றாக வேரூன்றிவிட்டது. ஏதும் இல்லாதவர் என்று பொருள் சொல்வார்கள். குறளில் வரும் 'ஏதிலார்' அயலாரைக் குறிக்கும். கையில் ஒன்றுமில்லாமல் வந்து நிற்கும் அயலாருக்கு இரண்டு பொருளும் பொருந்துகின்றன.

ஆனால் ஏற்றுக்கொள்பவரின் கடமையைச் சொல்ல நம்மிடம் இருக்கும் சொல் அடைக்கலம். பாதுகாப்பான இடத்துக்கும் அதுதான் பெயர், காக்கச் சொல்லி ஒப்படைக்கப்பட்ட ஆளுக்கும் அதுதான் பெயர். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாகத் தருகிறார். கோவலன் கொலையுண்ட பிறகு, அடைக்கலத்தை இழந்தேனே என்று மாதரி தீயில் பாய்ந்து உயிர் விடுகிறாள். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு கனம்.

தமிழ் வேதாகமம் இதே சொல்லை எடுத்துக்கொண்டது. கைப்பிசகாய்க் கொலை செய்தவன் ஓடித் தப்ப ஆறு அடைக்கலப்பட்டணங்கள். எண்ணாகமம் 35ஆம் அதிகாரம் அந்த உரிமையை இஸ்ரவேலருக்கு மட்டுமல்லாமல் அந்நியருக்கும் கொடுக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிரசங்கம் செய்யும் நம் ஊழியர்கள் இந்த ஒரு வசனத்தையாவது அடிக்கடி எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஏனென்றால் இங்கே தேவை கண்முன் இருக்கிறது. 2008 மே மாதம் வெளிநாட்டவர்மீது நடந்த தாக்குதல்களில் 62 பேர் இறந்தார்கள். அவர்களில் 21 பேர் இந்த நாட்டுக் குடிமக்களே. ஜோகன்னஸ்பர்க் மத்திய மெதடிஸ்ட் ஆலயத்தின் படிகளிலும் தரையிலும் ஜிம்பாப்வேயிலிருந்து வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் படுத்துறங்கினார்கள். டர்பனில் இம்மானுவேல் பேராலயத்தை ஒட்டி, விக்டோரியா தெரு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், பேராயர் டெனிஸ் ஹர்லி பெயரில் ஒரு மையம் நடக்கிறது. வீடற்றவர்களுக்கும் ஏதிலிகளுக்கும் அங்கே சாப்பாடும் மருத்துவமும் கிடைக்கின்றன. 1860இல் ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோர் ஏதிலிகள் அல்ல, ஒப்பந்தக் கூலிகள். ஆனாலும் அந்நியராய் இருப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, எழுதும்போது எதை எங்கே போடுவது? 1998ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, மனுப் போட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் தஞ்சம் கோருபவர். மனு ஏற்கப்பட்டவரே ஏதிலி, அதாவது அகதி. இதைக் குழப்பினால் ஒருவரின் உரிமையே தவறாகச் சொல்லப்படும். திருச்சபை செய்யும் பணிக்கு அடைக்கலம் என்றே எழுதலாம். இங்குள்ள விசுவாச நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. தமிழில் எழுத வருபவர்கள் பரதேசி என்ற சொல்லில் மட்டும் கவனமாக இருங்கள். வேதாகமத்தில் அது அயல்நாட்டில் தங்கியிருப்பவரைக் குறிக்கிறது. இன்றைய பேச்சில் அது வசை.