சிக்னலில் முந்தும் ஸ்கூட்டர்

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலை சிக்னல் ஒன்றில் நின்று பாருங்கள். பச்சை விழுந்ததும் புல்லட் உறுமி, கிளட்ச் விட்டுக் கிளம்புவதற்குள் பக்கத்தில் நின்ற எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சத்தமே இல்லாமல் நழுவிப் போயிருக்கும். நீளமாக ரோடு காலியாக இருந்தால் புல்லட் அதைப் பிடித்துவிடும் (அங்கே ரோடு எப்போது காலியாக இருந்தது என்று கேட்காதீர்கள்). பல கோடி ரூபாய் சூப்பர் கார்களிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

மெக்கானிக்குகள் பிக்கப் என்று சொல்வதன் அடிப்படை முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை. பெட்ரோல் இன்ஜின் சில ஆயிரம் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) தொட்டால்தான் அதை முழுசாகத் தரும். மோட்டார் அப்படியில்லை. சுருளில் மின்சாரம் பாய்ந்ததுமே, சக்கரம் அசையும் முன்பே, முழு இழுவையும் கிடைத்துவிடும். குரோஷியாவின் எலெக்ட்ரிக் சூப்பர் கார் ரிமாக் நெவெரா 2 டன்னுக்கு மேல் கனம். சக்கரத்துக்கு ஒன்றாக 4 மோட்டார். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை 2 நொடிக்குள் தொடுகிறது.

சரி, அதே வேகத்தில் ஏறிக்கொண்டே போக முடியாதா? முடியாது. சுழலும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டராகவும் மாறி, உள்ளே வரும் மின்சாரத்தை எதிர்த்துத் தள்ளும். சுழற்சி கூடக் கூட அந்த எதிர்ப்பும் கூடும், இழுவை குறையும். வெளியே காற்று வேறு. வேகம் 2 மடங்கானால் காற்றின் தடை 4 மடங்கு. அதைக் கிழித்துப் போகத் தேவையான திறன் 8 மடங்கு. பேட்டரி மளமளவென்று இறங்கும், சூடேறும். ஒரு கிலோ பெட்ரோலில் உள்ள ஆற்றலில் சிறு பங்குதான் ஒரு கிலோ பேட்டரியில் இருக்கிறது.

அதனால் வந்ததுதான் பெட்ரோல் இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கூட்டணி. 2013-இல் வந்த மெக்லாரன் பி1 காரில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ மூச்சு பிடித்து வரும் அந்தச் சின்ன இடைவெளியை மோட்டார் நிரப்புகிறது. ஃபெராரியின் ஹைப்ரிட் காரான லாஃபெராரியில் 12 சிலிண்டர் இன்ஜின் 800 குதிரைத்திறன், மோட்டார் 163.

இன்னொரு லாபம் பிரேக்கில். ஒருகாலத்தில் சென்னையின் வடக்கே சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது. நீள நேர்பாதையில் சீறி வந்து, வளைவில் பிரேக் மிதித்தால் அத்தனை வேகமும் வெறும் சூடாகக் காற்றில் போகும். இன்றைய ஹைப்ரிட்டில் மோட்டாரே ஜெனரேட்டராகி அதில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்புகிறது. வளைவு தாண்டியதும் அதுவே பிக்கப்.