"ஆனா மேடம், நம்பர் இருக்கே?"

சென்ற வாரம் இன்னொருவர் வந்தார். இந்த வருடத்தில் ஐந்தாவது ஆள்.

கையில் பதினோரு பக்கப் பிரிண்ட் அவுட், பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் மார்க்கர் கோடு. "மேடம், பிராங்கிய அரசர் இரண்டாம் டாகோபர்ட்டோட வம்சம் அழியவே இல்ல. ஏசுவோட ரத்தம் அது. ஆதாரம் பாரிஸ் தேசிய நூலகத்துலயே இருக்கு. நூலக நம்பர்கூடப் போட்டிருக்காங்க." உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் தொண்டை வறளப் பேசினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பி நின்று கேட்டார்: "ஆனா மேடம், நம்பர் இருக்கே?"

அந்த 'இருக்கே'வுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். பழைய தாள்களோடு இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவள் நான். ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவர்கள் உண்மையைப் பாதுகாக்கிறார்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு. இல்லை ஐயா. நாங்கள் தாளைப் பாதுகாக்கிறோம். அதில் பொய் எழுதியிருந்தால் அந்தப் பொய்யையும் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்வோம்.

முதலில் அந்த அரசரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வருகிறவர்கள் எல்லோரும் அவருடைய 'வாரிசு'களைப் பற்றியே கேட்கிறார்கள். அந்த மனுஷனைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை, பாவம்.

டாகோபர்ட் என்றதும் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு நினைவுக்கு வருவது கால்சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்ட ராஜா. 18-ஆம் நூற்றாண்டுக் கேலிப்பாட்டின் உபயம் அது. அவர் முதலாம் டாகோபர்ட். 639-இல் இறந்து, பாரிசுக்கு வடக்கே சென் தெனி தேவாலயத்தில் அடக்கமானவர். நம் ஆள் அவருடைய பேரன். தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக்கிய வீடியோக்களை நானே மூன்று பார்த்துவிட்டேன்.

பேரனின் அப்பா மூன்றாம் சிகிபெர்ட். இன்றைய பிரான்சையும் ஜெர்மனியின் ஒரு பகுதியையும் ஆண்ட பிராங்கியரின் கிழக்கு நாடான ஆஸ்திரேசியாவுக்கு மூன்று, நான்கு வயதிலேயே அரசராக்கப்பட்டவர். மேற்கு நாடான நியூஸ்திரியா, சிகிபெர்ட்டின் மாற்றாந்தாய் மகனான தம்பி இரண்டாம் குளோவிசுக்குப் போனது. சிகிபெர்ட் 656 வாக்கில் இளம் வயதிலேயே கண்ணை மூடினார். மகன் டாகோபர்ட் அப்போது விவரம் தெரியாத சிறுவன். அரண்மனை நிர்வாகம் முழுக்கக் கிரிமோவால்ட் என்பவர் கையில் இருந்தது. அவர் பையனைக் கொல்லவில்லை. தலைமுடியை மழித்து, புவாத்தியே நகர ஆயர் தீதோவிடம் ஒப்படைத்து, அயர்லாந்துக்கு அனுப்பிவிட்டார்.

டாகோபர்ட் பிறந்த மெரோவிஞ்சிய அரச குலத்துக்கு நீண்ட கூந்தல்தான் கிரீடம் மாதிரி. மழித்துவிட்டால் முடி மறுபடி வளராதா என்று எல்லோரும் தவறாமல் கேட்கிறார்கள். வளரும். அது கிரிமோவால்ட்டுக்கும் தெரியும். அதனால்தான் கத்தரியோடு நிற்காமல் கடல் தாண்டவும் வைத்தார்.

பிறகு தன் சொந்த மகனைச் சிம்மாசனத்தில் ஏற்றினார். அந்தப் பிள்ளைக்கு வைத்த பெயர் சில்டெபெர்ட், அப்பட்டமான மெரோவிஞ்சியப் பெயர். சிகிபெர்ட் தத்தெடுத்த பிள்ளை என்று காட்டியதால், 'தத்துப்பிள்ளை சில்டெபெர்ட்' என்றே வரலாற்றில் அழைக்கிறோம். பெயரை மாற்றினால் வம்சமும் மாறிவிடும் என்ற நம்பிக்கை 7-ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கிரிமோவால்ட்டை நியூஸ்திரியர்கள் பிடித்துப் பாரிசுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். தத்துப்பிள்ளையின் கதையும் சில ஆண்டுகளில் முடிந்தது.

சிம்மாசனம் காலியானதும் அயர்லாந்தில் இருந்த பையனைக் கூப்பிட்டிருக்க வேண்டும் அல்லவா? கூப்பிடவில்லை. சிகிபெர்ட்டின் விதவை இம்னெகில்ட், நியூஸ்திரியாவிலிருந்து கணவரின் தம்பி மகனான இரண்டாம் சில்டெரிக் என்ற சிறுவனை வரவழைத்து, தன் மகள் பிலிகில்டை அவனுக்கே கட்டி வைத்தாள். மருமகன் ராஜா, மாமியார் ராஜமாதா. டாகோபர்ட் உண்மையிலேயே அவள் வயிற்றுப் பிள்ளைதானா என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுவது இந்த ஒரு காரியத்தால்தான். ஒரு குடும்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இங்கேதான் உற்றுப் பார்க்க வேண்டும். நம் மார்க்கர் தம்பியின் பதினோரு பக்கத்தில் அவள் பெயரே இல்லை.

675-இல் அந்தச் சில்டெரிக்கையும், கர்ப்பிணியாக இருந்த பிலிகில்டையும் காட்டில் வைத்துக் கொன்றார்கள். அரசரிடம் சவுக்கடி பட்ட ஒரு பிரபுவின் பழிவாங்கல். அதன் பிறகே ஆஸ்திரேசியப் பிரபுக்களுக்கு அயர்லாந்து நினைவு வந்தது. கப்பலில் வந்துபோகிறவர்கள் வழியாக ஆள் உயிரோடிருப்பது தெரிந்து, வட இங்கிலாந்தின் யார்க் ஆயர் வில்ஃபிரிட்டுக்குத் தூது அனுப்பினார்கள். வில்ஃபிரிட் அவரை வரவழைத்து, ஆயுதமும் ஆட்களும் கொடுத்து ஊருக்கு அனுப்பி வைத்தார். ஆண்டு 676. போனபோது சிறுவன், திரும்பியபோது இருபத்தைந்து வயதை ஒட்டிய மனிதர்.

ஆண்டது மூன்று வருடம். 679 டிசம்பர் 23 அன்று, இன்றைய வடகிழக்குப் பிரான்சில் ஸ்தெனே ஊருக்குப் பக்கத்து வோவ்ர் காட்டில் கொல்லப்பட்டார். பிரபுக்களின் சதி, ஆயர்களின் சம்மதத்தோடு என்கிறது வில்ஃபிரிட்டின் வாழ்க்கையை எழுதிய துறவி ஸ்டீபனின் நூல். ரோமிலிருந்து திரும்பும் வழியில் வில்ஃபிரிட்டை ஒரு பிராங்கிய ஆயர் மறித்து, இப்படிப்பட்ட அரசனை எங்கள் தலையில் ஏன் கட்டினாய் என்று சண்டை பிடித்ததையும் அதே நூல் சொல்கிறது. நகரங்களைப் பாழாக்கினான், பெரியவர்கள் சொல் கேட்கவில்லை, வரி போட்டு மக்களை நசுக்கினான் என்பதெல்லாம் குற்றச்சாட்டுகள். கொன்றவர்கள் தரப்பு அப்படித்தான் பேசும். இன்னொரு பக்கம் ஸ்தெனே மக்கள் அவரைப் புனிதராகவே கும்பிட்டார்கள்.

அவர் வாழ்க்கையில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஏறக்குறைய இவ்வளவுதான். மனைவி பெயரையோ மகன் பெயரையோ அவர் காலத்தில் எழுதியவர்கள் சொல்லவில்லை. அவையெல்லாம் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த புனிதர் கதைகளில் முளைத்தவை. 727-இல் எழுதப்பட்ட பிராங்கிய வரலாற்று நூல் இவரை அயர்லாந்துக்கு அனுப்பியதோடு விட்டுவிட்டது. திரும்பி வந்ததைச் சொல்லவே இல்லை. அதனால் பல நூற்றாண்டுகளுக்கு இவர் அரசர் பட்டியல்களிலேயே கிடையாது. 17-ஆம் நூற்றாண்டில்தான் அறிஞர்கள் இவரைத் தோண்டி எடுத்தார்கள். ஹென்ஷன் என்ற ஏசு சபைத் துறவி 1655-இல் மூன்று டாகோபர்ட்களைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

பட்டியலில் இப்படி ஓர் ஓட்டை இருந்தால் அதற்குள் யாராவது புகுந்து உட்காராமல் இருப்பார்களா? 20-ஆம் நூற்றாண்டில் ஒருவர் உட்கார்ந்தார். பியேர் பிளாந்தார், 1920-இல் பாரிசில் பிறந்தவர், சாதாரணக் குடும்பம். 1956-இல் 'சீயோன் மடம்' என்று ஒரு சங்கத்தைப் பதிவு செய்தார். சீயோன் என்றதும் எருசலேமுக்கு ஓடாதீர்கள். சுவிஸ் எல்லையோரம் அவர் சங்கத்தைப் பதிவு செய்த ஊர்ப் பக்கம் உள்ள ஒரு மலையின் பெயர் அது. சங்கத்தின் பத்திரிகை குறைந்த வாடகைக் குடியிருப்புகளின் பிரச்சினைகளைப் பேசியது. பல நூற்றாண்டு ரகசியச் சபை என்று உங்களுக்குச் சொல்லப்படுவது இதுதான்.

1960-களில் அவரும் கூட்டாளிகளும் தட்டச்சுத் தாள்கள், வம்ச அட்டவணைகள் தயாரித்துப் பாரிஸ் தேசிய நூலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிரபலமான 'ரகசியக் கோப்புகள்' 1967-இல் சேர்ந்தது. போட்டிருந்த ஆசிரியர் பெயரே கற்பனை. அதன்படி டாகோபர்ட்டுக்குச் சிகிபெர்ட் என்றொரு மகன் தப்பிப் பிழைத்துத் தெற்கே போனான். அவன் வழியில் வந்தவர் யார் தெரியுமா? பிளாந்தாரேதான்! தன் பெயரோடு 'த சென் கிளேர்' என்று பிரபுப் பட்டமும் ஒட்டிக்கொண்டார். கிரிமோவால்ட் தன் மகனுக்குப் பெயர் வைத்த கதை ஞாபகம் இருக்கிறதா?

1993-இல் ஒரு ஊழல் விசாரணையில் அவர் பெயர் வந்து, நீதிபதி முன்னால் சத்தியப் பிரமாணம் செய்து நின்றபோது, எல்லாம் தான் புனைந்தது என்று ஒப்புக்கொண்டார். 2000-இல் இறந்தார். இன்னொரு வேடிக்கை: ஏசுவின் ரத்தம் என்று பிளாந்தார் சொல்லவே இல்லை. அது 1982-இல் வந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் சேர்த்த மசாலா. அதை அவரே மறுத்தார். பொய்யனே ஏற்காத பொய்யை நாம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது அந்த நம்பருக்கு வருகிறேன். பொறுமையாகப் படியுங்கள், ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன்.

நூலக எண் என்பது அலமாரியின் விலாசம். அவ்வளவுதான். பிரான்சில் அச்சாகும் நூல்களை அரசு நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1537-இல் முதலாம் பிரான்சுவா போட்ட ஆணையிலிருந்து வருகிறது. சமையல் குறிப்பு, ஜோசியம், தேர்தல் துண்டறிக்கை, பைத்தியக்காரத்தனம் எதுவானாலும் வாங்கிக்கொண்டு, முத்திரை குத்தி, எண் போட்டு அடுக்குவார்கள். உள்ளே இருப்பது உண்மையா என்று ஒருவரும் சரிபார்ப்பதில்லை, சரிபார்க்கவும் கூடாது. நூலகர் அதைச் செய்ய ஆரம்பித்தால் அவர் தணிக்கை அதிகாரி ஆகிவிடுவார். ரயில் நிலையத்துப் பொருள் காப்பறையில் பெட்டி வைத்தால் சீட்டு தருவார்கள். அந்தச் சீட்டைக் காட்டி, பெட்டிக்குள் இருப்பது தங்கம் என்று ரயில்வேயே சான்று கொடுத்துவிட்டது என்பீர்களா? பிளாந்தார் கூட்டம் செய்தது அதுதான். பெட்டியை வைத்தது அவர்கள், சீட்டு வாங்கியது அவர்கள், பிறகு "பாருங்கள், நூலகத்திலேயே இருக்கிறது" என்று கை நீட்டியதும் அவர்களே. நூலகத்தில் 'இருக்கிறது' என்பது வேறு, நூலகத்துக்கு 'எப்போது, யாரிடமிருந்து வந்தது' என்பது வேறு. எங்கள் தொழிலே இரண்டாவது கேள்விதான்.

அந்தத் தொழிலுக்கும் டாகோபர்ட் பெயருக்கும் ஓர் உறவு உண்டு. 1675-இல் ஹென்ஷனின் சீடர் பாப்பன்புரோக், டாகோபர்ட் பெயரில் இருந்த ஒரு சாசனம் போலி என்று நிறுவினார். அந்தச் சூட்டில், சென் தெனி மடத்து மெரோவிஞ்சியச் சாசனங்கள் மேலும் சந்தேகத்தைக் கிளப்பினார். சென் தெனி பெனடிக்ட் சபையின் மடம், அவர்களுக்குக் கோபம். அவர்களில் மாபியோன் என்ற துறவி சண்டைக்குப் போகாமல் ஆறு வருடம் உட்கார்ந்து, எழுத்து, மை, முத்திரை, தேதி எழுதும் முறை எல்லாவற்றையும் ஒப்பிட்டு, எது அசல் எது போலி என்று பிரிக்கும் முறையை 1681-இல் நூலாக வெளியிட்டார். சாசனவியல் என்று நாங்கள் படிக்கும் பாடம் அங்கே பிறந்தது. பாப்பன்புரோக் அதைப் படித்துவிட்டுத் தான் தோற்றதை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். மெரோவிஞ்சிய அரசர்களின் அசல் சாசனங்கள் இன்று நாற்பதுக்குள்தான் மிஞ்சியிருக்கின்றன. பழையவை பாப்பிரஸ் தாளில். நெட்டையும் குச்சியுமாக ஒன்றோடொன்று பின்னிய அந்தக் கையெழுத்தை ஒரு தடவை படம் பிடித்ததிலாவது பாருங்கள். அதற்குப் பிறகு தட்டச்சுத் தாளைக் காட்டி 'ஆதாரம்' என்று சொல்ல வாய் வராது.

இன்னொன்று. டாகோபர்ட்டோடு வம்சம் 'மறைந்தது' என்பதே தப்பு. சித்தப்பா குளோவிசின் வழியில் மெரோவிஞ்சியர் மேலும் எழுபது வருடத்துக்கு மேல் பட்டத்தில் இருந்தார்கள். கடைசி ஆள் மூன்றாம் சில்டெரிக்கை 751-இல் முடி மழித்து மடத்துக்கு அனுப்பினார்கள். எல்லோர் கண் முன்னாலும் நடந்தது, ரகசியமே இல்லை. தங்கள் குலம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர்கள் காலத்திலேயே ஒரு கதை இருந்தது: குலத்துக்குப் பெயர் தந்த முன்னோர் மெரோவெக்கின் தாயை ஒரு கடல் மிருகம் நெருங்கியதாக. ஏசுவை அவர்களே இழுக்கவில்லை.

ஆகவே, அன்பர்களே. வம்சாவளி கையில் கிடைத்தால் முதலில் எழுதியவர் யார், எந்த ஆண்டு என்று பாருங்கள். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தைய மகனுக்கு 1967-இல் சாட்சி கிடைத்தால் தாளைக் கீழே வையுங்கள். அட்டவணையின் கடைசிப் பெயரும் அட்டவணை போட்டவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். எண்ணை மட்டும் படம் பிடித்து அனுப்பாதீர்கள். அந்த எண்ணுக்குள் இருப்பதை எடுத்துப் படித்துவிட்டு அனுப்புங்கள். இந்தக் கதையை வைத்து வந்த 'டா வின்சி கோட்' நாவலை நாவலாகப் படியுங்கள், நானும் படித்தேன், ரயிலில் நன்றாகப் பொழுது போனது. தயவுசெய்து பள்ளிப் பிள்ளைகளின் வரலாற்றுக் கட்டுரைக்குள் மட்டும் இதை நுழைக்காதீர்கள். அதைத் திருத்தும் ஆசிரியை என் தோழி. அவளும் எனக்குத்தான் போன் போடுகிறாள்.

மார்க்கர் தம்பி அந்தப் பதினோரு பக்கத்தை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். மாலையில் முழுதாகப் படித்தேன். மஞ்சள் கோடு போடாத ஒரு வரி சரியாக இருந்தது: 679 டிசம்பர் 23. அதன் பக்கத்தில் சிவப்பு மையில் டிக் போட்டு வைத்திருக்கிறேன். வந்தால் வாங்கிக்கொண்டு போகட்டும்.