பர்கண்டிக்கு ஒயின் சுவைக்கப் போகிறீர்களா? முதலில் துப்பப் பழகுங்கள்

பிரான்சின் பர்கண்டி பகுதியில் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி நான். நம்மூர்க்காரர்கள் வந்தால் காலையில் வேனில் ஏறியதுமே ஒன்றைச் சொல்லிவிடுவேன்: சுவைத்துவிட்டுத் துப்பலாம், துப்புவதுதான் இங்கே முறை. பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

வொல்னே கிராமத்து நிலவறை ஒன்றில், கோவையிலிருந்து வந்திருந்த பெரியவர் என் காதருகே வந்து, "ஏனுங்க தம்பி, அந்த மனுசன் அவரு கையால ஊத்திக் குடுக்கறாரு. அவரு முன்னாடியே துப்புனா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், அந்தத் தோட்டக்காரரே பீப்பாயிலிருந்து கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி எடுத்த ஒயினைத் தன் கிளாஸிலும் கொஞ்சம் விட்டு, வாய்க்குள் சுழற்றி, தரையில் பரப்பியிருந்த சரளைக்கல் மேல் பளிச்சென்று துப்பினார். பெரியவர் அதற்கப்புறம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

எல்லா இடத்திலும் தரையில் துப்பிவிடாதீர்கள். மேசையில் ஒரு வாளியோ உயரமான குவளையோ வைத்திருப்பார்கள். நம் தாத்தா பாட்டி காலத்துப் படிக்கம் போலத்தான். குனிந்து, உதட்டைக் குவித்து, ஒரே வீச்சில் துப்ப வேண்டும். தயங்கித் தயங்கித் துப்பினால் தாடையில் வழியும். முதல் நாள் ராத்திரி ஓட்டல் குளியலறையில் தண்ணீரை வைத்து நாலு தடவை பழகிக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். சென்ட்டும் வேண்டாம், பக்கத்தில் நிற்பவருக்கு ஒயினின் மணமே தெரியாமல் போய்விடும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கணக்கு அப்படி. ஒரு தடவை ஊற்றுவது சுமார் 40 மில்லிதான், பார்த்தால் ஒன்றுமில்லை போலிருக்கும். ஒரு நிலவறையில் ஆறு வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிலவறைக்கு 480 மில்லி, அதாவது முக்கால் லிட்டர் பாட்டிலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 13 சதவீத ஒயின் என்றால் அதில் 50 கிராமுக்குச் சற்றுக் குறைவாக ஆல்கஹால் இருக்கும். பிரான்சின் பொதுச் சுகாதாரத் துறை ஒரு கிளாஸை 10 கிராம் என்று வைத்து, நாளைக்கு இரண்டு, வாரத்துக்குப் பத்து என்பதைத் தாண்டாதீர்கள், அதிலும் சில நாட்கள் தொடாமலே இருங்கள் என்கிறது. துளித்துளியாக விழுங்கியவர் வாரக் கணக்கில் பாதியை ஒரே நாளில் முடித்திருப்பார், "நான் குடிக்கவே இல்லையே, டேஸ்ட்தானே பண்ணினேன்" என்பார். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். ஆனால் அது வேறு அளவு.

அப்புறம், காசு கொடுத்து வந்ததற்கான பலனும் இதில் அடங்கியிருக்கிறது. இங்கே சாதாரணக் கிராம ஒயினில் தொடங்கி, பிரமியே க்ரூ, கடைசியில் க்ராண்ட் க்ரூ என்று தரம் ஏறிக்கொண்டே போகும். பல நிலவறைகளில் சிவப்பை முதலில் கொடுத்துவிட்டு வெள்ளையைப் பிறகுதான் எடுப்பார்கள். உயர்ந்த சரக்கு வரும்போது நாக்கு மரத்து, கண் சொருகிக்கொண்டிருந்தால் யாருக்கு லாபம்?

சொந்தமாகக் கார் எடுத்து வருகிறவர்கள் கவனியுங்கள். பிரான்சில் லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம்தான் வரம்பு. புதிதாக உரிமம் வாங்கிய தகுதிகாண் காலத்தினருக்கு 0.2, அதாவது ஒரு கிளாஸ்கூடத் தாங்காது. 0.8-ஐத் தொட்டால் விஷயம் அபராதத்தோடு நிற்காது, குற்ற வழக்காகிவிடும். போன் நகரத்திலிருந்து சாந்தனே வரை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அருமையான சைக்கிள் பாதை இருக்கிறது. "சைக்கிள்தானே, யார் கேட்கப்போகிறார்கள்" என்று நினைக்க வேண்டாம். சட்டம் சைக்கிளுக்கும் பொருந்தும்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் வெறும் வயிற்றில் ஒயினும் சேர்த்தால் சர்க்கரை ரொம்பவே இறங்கலாம். வியர்வை, தள்ளாட்டம், குழறல் என்று பார்ப்பதற்குப் போதை மாதிரியே இருப்பதால் கூட இருப்பவர்கள் கிண்டல் செய்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஆபத்து அங்கேதான். பயண ஏற்பாட்டாளரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஒளிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. கர்ப்பிணிகள் சுவைப்பதைத் தவிர்த்துவிடலாம். இங்கே விற்கும் பாட்டில்களிலேயே கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கைப் படமோ வாசகமோ 2007 முதல் கட்டாயம். தோட்டத்தையும் நிலவறையையும் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு குறையும் இருக்காது.

சுத்த சைவர்களுக்கு ஒரு கொசுறு. ஒயினைத் தெளிய வைக்கச் சிலர் முட்டை வெள்ளைக்கருவோ மீனிலிருந்து எடுத்த பொருளோ சேர்ப்பதுண்டு. கேட்டால் தயாரிப்பாளர் சங்கடப்படாமல் சொல்லுவார்.

பதிவு செய்யும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: நாளில் எத்தனை நிலவறை, மதியச் சாப்பாடு உண்டா, வண்டி ஓட்டுபவர் சுவைப்பாரா? மூன்றாவதற்கு "கொஞ்சம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். நிலவறை இரண்டு போதும். ஐந்து என்று விளம்பரம் செய்தால் மாலையில் எதுவும் நினைவிருக்காது. சிறு தோட்டங்கள் பலவும் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை கதவைச் சாத்திவிடும், அந்த நேரத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள். நிலவறைக்குள் கோடையிலும் சில்லென்றுதான் இருக்கும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.